டைனமோவில் பாடிய றேடியோ

1990இல் வந்த பொருளாதாரத் தடை இலங்கையின் வன்னியில் 2002 வரை நீடித்தது. தடைப்பட்டியலில் பற்றரியும் இருந்தது. மின்சாரமும் இல்லை. ஆனாலும் இரவில் பிபிசி தமிழோசை கேட்டது. சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தி ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோ றேடியோவை ஓட்டியது. அந்தக் காலத்தின் துயரம் பல இடங்களில் எழுதப்பட்டிருக்கிறது. எனக்கு அதிலிருந்த மின்னியல்மீதுதான் கண்.

நான்கு பற்றரி போடும் றேடியோ கேட்பது 6 வோல்ற். டைனமோவிலும் 6 வோல்ற், 3 வாற் என்றே இருக்கும். அப்படியென்றால் நேரே கொடுக்கலாமே? முடியாது. டைனமோ தருவது ஆடலோட்டம், றேடியோவுக்கு வேண்டியது நேரோட்டம். நான்கு டயோட்டுகளைப் பாலமாகக் கட்டி, பின்னால் ஒரு கொள்ளளவி வைத்தால்தான் இரைச்சல் அடங்கும்.

அதைவிடப் பெரிய பொறி, அந்த 6 வோல்ற் என்ற எழுத்தே. விளக்கு அரை அம்பியர் இழுக்கும்போதுதான் அது 6. றேடியோ இழுப்பதோ மிகச் சொற்பம். விளக்கைக் கழற்றிவிட்டு வேகமாக மிதித்தால் வோல்ற்றளவு இரண்டு மூன்று மடங்காக ஏறி றேடியோவைப் பொசுக்கிவிடும். விளக்கையும் சேர்த்து எரியவிடுவது ஒரு வழி. சீராக்கிச் சில்லு ஒன்றை இடையில் வைப்பது இன்னும் நல்ல வழி.

பழைய கணினிக்கு அடப்டர் தேடுகிறவருக்கும் இதே கணக்குத்தான். 1982இல் வந்த சின்கிளயர் ஸ்பெக்ட்ரம் 9 வோல்ற் நேரோட்டம் கேட்கும், ஆனால் செருகியின் நடுமுனை மறை. இன்றைய அடப்டர்களில் பெரும்பாலும் நடுமுனை நேர். அப்படியே செருகினால் உள்ளே எரியும். அதே ஆண்டின் கொமடோர் 64 இன்னும் வில்லங்கமானது: 5 வோல்ற் நேரோட்டம், 9 வோல்ற் ஆடலோட்டம், இரண்டும் ஒன்றாக வேண்டும். அடப்டரில் எழுதிய அம்பியர் கூடினால் பயமில்லை. கணினி தனக்குத் தேவையானதை மட்டுமே இழுக்கும். குறைந்தால்தான் அடப்டர் சூடேறித் திணறும்.

கொமடோரோடு வந்த பழைய அடப்டரை நான் நம்பமாட்டேன். வயதாகும்போது அதன் சீராக்கி பழுதாகி 5 வோல்ற் மேலே ஏறும். முதலில் போவது நினைவகச் சில்லுகள். பலவற்றின் உட்புறம் பிசின் ஊற்றி இறுக்கப்பட்டிருப்பதால் திறந்து திருத்தவும் இயலாது. கணினியில் செருகுமுன் மல்ரிமீற்றரால் அளந்து பாருங்கள். 5.25ஐத் தாண்டினால் வேறு அடப்டர்தான் தேட வேண்டும்.