விடுமுறையின் நீளத்தைத் தீர்மானிப்பது கைக்குழந்தைதான்

ஜூலை மாதம் பிறந்ததும் வவுனியா பஸார் வீதியில் கூட்டத்தின் தோற்றம் மாறிவிடும். கட்டுநாயக்கவிலிருந்து இரவோடிரவாக வந்த வான்கள் ஓரமாக நிற்கும். முன்னே தாத்தாவும் பாட்டியும் நடப்பார்கள். பின்னே வியர்வையில் நனைந்த மருமகள் கைக்குழந்தையை மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்டு வருவாள். லண்டன், டொரொன்டோ, பாரிஸ், சூரிச் என்று எங்கிருந்து வந்தாலும் அந்தக் குழந்தைக்கு இது முதல் ஊர்ப்பயணம்.

கனடாவிலும் ஐரோப்பாவிலும் பாடசாலைகளுக்கு நீண்ட விடுமுறை கிடைப்பது ஜூலை, ஓகஸ்ட் மாதங்களில்தான். ஓகஸ்ட் 15 மடுத் திருநாளும், பெரும்பாலும் நல்லூர்த் திருவிழாவும் அதே காலத்தை ஒட்டி வருகின்றன. வன்னியில் மழையே இல்லாமல் கச்சான் காற்று அனலாக வீசுவதும் அப்போதுதான். பகலில் வெப்பம் 33, 34 பாகையைத் தொடுவது சாதாரணம். நம்மவருக்குப் பழகிய வெயில் இது. குளிர்நாட்டில் பிறந்து ஆறு மாதமான குழந்தைக்கு இது புதிய உலகம்.

இந்தச் சீசன் நமக்கு எளிதில் கிடைத்ததல்ல. 2002 இல் திறந்த ஏ9 வீதி 2006 ஓகஸ்டில் மீண்டும் மூடப்பட்டது. 2009 இல் யுத்தம் முடிந்த பிறகே அது வழமைக்குத் திரும்பியது. ரயில் 2013 செப்டெம்பரில் கிளிநொச்சிக்கும், 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்துக்கும் ஓடத் தொடங்கியது. பாதை திறந்தது. ஆட்களும் வருகிறார்கள். ஆனால் அவர்கள் கொண்டுவரும் பணத்தில் எவ்வளவு வன்னியில் தங்குகிறது என்பதை நமது வர்த்தகர்கள் நிதானமாக யோசிக்க வேண்டும்.

ஒரு சிறு கணக்கு

ஒரு குடும்பம் வாகனம், சாப்பாடு, துணிமணி, அன்பளிப்பு எல்லாம் சேர்த்து ஊரில் நாளொன்றுக்கு 25,000 ரூபா செலவழிப்பதாக வைத்துக்கொள்வோம். மூன்று வாரம் நின்றால் 525,000 ரூபா. குழந்தைக்கு வயிற்றோட்டமும் காய்ச்சலும் கண்டு ஆறாம் நாளே கொழும்புக்குத் திரும்பிவிட்டால் 150,000 ரூபா. மிச்சம் 375,000 ரூபா வன்னியை விட்டுப் போய்விடுகிறது. அதில் வான்காரருக்கும் பழக்கடைக்காரருக்கும் புடைவைக்கடைக்காரருக்கும் பங்கு இருந்தது.

வெளிநாட்டுக் குடும்பத்தின் பணப்பை தகப்பனிடம் இருக்கலாம். எத்தனை நாள் நிற்பது என்பதைத் தீர்மானிப்பது கைக்குழந்தைதான். குழந்தை தூங்கினால் குடும்பம் ஊரில் நிற்கும். இந்த ஒன்றைப் புரிந்துகொண்ட வியாபாரிக்கு எதை விற்பது, எதை விற்காமல் விடுவது என்ற இரண்டும் தெளிவாகும்.

கேட்டு வருவது என்ன?

முதலில் பம்பஸ். ஒரு குழந்தைக்கு நாளொன்றுக்கு ஆறேழு என்றாலும் மூன்று வாரத்துக்கு ஏறத்தாழ 150 வேண்டும். விமானப் பொதியில் அவ்வளவையும் ஏற்ற யாரும் விரும்புவதில்லை. முதல் சில நாட்களுக்குப் போதியதை மட்டும் கொண்டுவருகிறார்கள். கடைக்கு வந்ததும் ஒரு சிக்கல் எழுகிறது. அங்கே பம்பஸின் அளவு 1, 2, 3 என்று இலக்கத்தில் இருக்கும். இங்கே சிறிது, நடுத்தரம், பெரிது என்று இருக்கும். தாய் தடுமாறுகிறாள். கடைப் பையனுக்கும் தெரியவில்லை. குழந்தையின் நிறை இத்தனை கிலோ என்றால் இந்த அளவு என ஒரு மட்டையில் எழுதி இறாக்கையில் தொங்கவிடுங்கள். ஐந்து நிமிட வேலை. அந்த வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போகமாட்டார்.

அடுத்தது தூங்கும் வசதி. தொட்டில், அதற்கு அளவான நுளம்பு வலை, விரல் போகாத மூடியுள்ள மேசை விசிறி. இலங்கையில் மலேரியா ஒழிந்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் 2016 செப்டெம்பரில் சான்றிதழ் வழங்கியது. ஆனால் டெங்கு ஒழியவில்லை. டெங்கு நுளம்பு பகலில்தான் கூடுதலாகக் கடிக்கும். எனவே பகல் தூக்கத்துக்கும் வலை தேவை என்பதைச் சொல்லி விற்கலாம்.

மூன்று வாரத்துக்காக ஒருவர் தொட்டிலை விலைக்கு வாங்கமாட்டார். வாடகைக்குக் கிடைத்தால் மகிழ்ச்சியோடு எடுப்பார். தொட்டில், தள்ளுவண்டி, வாகனத்தில் பூட்டும் குழந்தை ஆசனம் ஆகியவற்றில் இரண்டிரண்டு வைத்துத் தொடங்கினாலே போதும். பொருளை வாடகைக்குக் கொடுப்பது மார்க்கம் அனுமதித்த இஜாரா வியாபாரம். வாங்கிவைக்கும் முற்பணம் உங்களிடமுள்ள அமானிதம். எழுத்தில் கொடுத்து, எழுத்தில் திருப்பிவிடுங்கள்.

வாகன ஆசனம் பற்றி ஒரு வார்த்தை. பிரித்தானியாவில் 12 வயது வரை அல்லது 135 சென்ரிமீற்றர் உயரம் வரும் வரை பிள்ளைகளுக்குத் தனி ஆசனம் சட்டப்படி அவசியம். அப்படிப் பழகிய தாய், கட்டுநாயக்கவிலிருந்து வவுனியா வரை ஐந்து மணி நேரமும் பயந்துகொண்டே குழந்தையை மடியில் வைத்து வருகிறாள். ஆசனம் உள்ள வான் என்றால் கூடுதலாகக் கொடுக்கத் தயங்கமாட்டாள். ஆனால் பழைய ஆசனம் எல்லாம் உதவாது. ஐ.நா. ஒழுங்குவிதி 44 அல்லது 129 என்ற செம்மஞ்சள் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். விபத்தில் சிக்கியதை எந்த விலைக்கும் வாங்காதீர்கள்.

விற்காமல் விடவேண்டியவை

எம்பெருமானார் (ஸல்) அவர்கள் சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டபோது உள்ளே ஈரம் பட்டதையும், மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்க வேண்டாமா என்ற கருத்தில் வியாபாரியைக் கண்டித்ததையும் ஸஹீஹ் முஸ்லிமில் காண்கிறோம். அன்று மறைந்திருந்தது ஈரம். வன்னிக் கடைகளில் மறைந்திருப்பது சூடு. தகரக் கூரைக்குக் கீழே, மேல் இறாக்கையில், பிற்பகல் முழுவதும் வெந்துகொண்டிருக்கும் பால்மா டின்னின் வெளிப்பக்கம் பளபளப்பாகத்தான் இருக்கும். காலாவதித் திகதியும் தூரத்தில்தான் இருக்கும். ஆனால் குளிர்ந்த, உலர்ந்த இடத்தில் வைக்கும்படி டின்னில் எழுதியிருப்பதை நாம் மதிக்கவில்லை என்றால் அந்தத் திகதிக்கு அர்த்தமில்லை.

சூடு மேலே ஏறும். எனவே குழந்தை உணவும் மருந்துப் பொருட்களும் இருக்கவேண்டியது கீழ் இறாக்கைகளில், மேற்கு வெயில் படாத சுவரோடு. கூரைக்குக் கீழே ஒரு சீலிங் அடித்தால் கடை முழுவதற்கும் நன்மை. பழைய சரக்கு முன்னே, புதியது பின்னே என்ற ஒழுங்கை முதலாளியே வாரம் ஒருமுறை பார்க்க வேண்டும். காலாவதியான பொருளை விற்பதும், குறித்த விலைக்கு மேலே விற்பதும் 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின்படி குற்றம். வெளிநாட்டுக்காரர்தானே என்று விலையை ஏற்றுபவர் 1977 என்ற இலக்கம் அவர்களுக்கும் தெரியும் என்பதை மறக்கக் கூடாது.

பால்மா விடயத்தில் இன்னொன்றும் உண்டு. தாய்ப்பாலுக்குப் பதிலான பால்மாவை விளம்பரப்படுத்துவதைக் கட்டுப்படுத்தி 1981 இல் உலக சுகாதார நிறுவனம் ஒரு கோவையைக் கொண்டுவந்தது. இலங்கையிலும் அதற்கான கோவை நடைமுறையில் உள்ளது. எனவே கைக்குழந்தைப் பால்மாவுக்கு விலைக்கழிவுப் பலகை, இலவச மாதிரி, பரிசுப் பொதி எதுவும் வேண்டாம். கேட்பவருக்கு விற்கலாம். கேட்காதவரிடம் திணிக்கக் கூடாது. வெளிநாட்டிலிருந்து வந்த தாய் தான் கொடுக்கும் வகை இல்லை என்றதும், இதுவும் அதுவும் ஒன்றுதான் என்று சொல்லி வேறு டின்னை நீட்டவும் கூடாது. வைத்தியரிடம் கேட்டு வாருங்கள் என்று அனுப்புவதே முறை. தாய்மார் இரண்டு முழு வருடங்கள் பாலூட்டுவது பற்றிக் குர்ஆன் பேசுகின்றது. பால்மா விற்பனை குறைந்தால் கவலைப்பட நமக்குக் காரணமில்லை.

குழந்தை உணவில் நம்பிக்கை உடைந்தால் என்ன நடக்கும் என்பதைச் சீனா காட்டியது. 2008 இல் மெலமின் கலந்த பால்மாவினால் அங்கு ஏறத்தாழ 3 இலட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்டன. 6 குழந்தைகள் இறந்தன. கலப்படம் செய்தவர்கள் சிலர்தான். நம்பிக்கை இழந்ததோ முழு நாட்டின் பால்மா வியாபாரமும். சீனப் பெற்றோர் ஹொங்கொங் சென்று டின்களை அள்ளிவரத் தொடங்கினார்கள். ஐந்து வருடம் கழித்து, 2013 மார்ச்சில், ஆளுக்கு இரண்டு டின்னுக்கு மேல் வெளியே கொண்டுபோகக் கூடாது என்று ஹொங்கொங் அரசு விதி போடவேண்டி வந்தது.

தெரிந்திருக்க வேண்டிய ஐந்து விடயங்கள்

கடையில் நிற்பவருக்கு வைத்தியம் தெரிய வேண்டியதில்லை. ஆனால் வெயில் காலத்தில் குழந்தையோடு வருபவருக்குத் தவறான யோசனை சொல்லாமலிருக்க இவை தெரிந்திருக்க வேண்டும்.

ஒன்று, ஆறு மாதத்துக்குக் குறைந்த, தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு எவ்வளவு வெயிலானாலும் தண்ணீரோ இளநீரோ தேவையில்லை. அடிக்கடி பாலூட்டினால் போதும். தண்ணீர் தேவைப்படுவது தாய்க்கு.

இரண்டு, பால்மா கரைக்கப் போத்தல் தண்ணீரை அப்படியே ஊற்றக் கூடாது. கொதிக்கவைத்து, 70 பாகைக்குக் குறையாத சூட்டில் கரைத்து, பிறகு ஆற்றிக் கொடுக்க வேண்டும். கரைத்த பாலை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்கக் கூடாது. இதனால்தான் தங்குமிடங்களில் ஒரு கேத்தலும் ஒரு பிளாஸ்கும் அவசியமாகின்றன.

மூன்று, வயிற்றோட்டத்துக்கு ஜீவனிப் பக்கற். பக்கற்றில் குறித்த அளவு கொதித்தாறிய நீரில் முழுப் பக்கற்றையும் கரைக்க வேண்டும். பாதி பாதியாகக் கரைப்பது ஆபத்து. 24 மணி நேரத்தின் பின் மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும்.

நான்கு, நிறுத்திய வானுக்குள் குழந்தையை ஒரு நிமிடமும் தனியே விடக் கூடாது. யன்னலைச் சற்றுத் திறந்து வைத்தாலும் பத்து நிமிடத்தில் உள்ளே பத்துப் பாகை வரை ஏறிவிடும். முறிகண்டியில் பிள்ளையாரைக் கும்பிட்டுக் கச்சான் வாங்கும் நேரம் அதற்குப் போதும்.

ஐந்து, சிறுநீர் குறைந்து, வாய் உலர்ந்து, உச்சிக்குழி தாழ்ந்து, குழந்தை சோர்ந்து கிடந்தால் வீட்டு வைத்தியத்துக்கு நேரமில்லை. வவுனியா, கிளிநொச்சி, மாஞ்சோலை ஆஸ்பத்திரிகளில் எது அருகிலோ அங்கே போக வேண்டும். 2018 முதல் வடக்கிலும் ஓடும் இலவச அம்புலன்ஸ் இலக்கம் 1990. அதைக் கல்லாவுக்கு மேலே பெரிதாக எழுதி வையுங்கள்.

செலவு குறைந்த முதலீடு

புளியங்குளம், கனகராயன்குளம், மாங்குளம் எனப் பாதையோரத்தில் ஹோட்டல் நடத்தும் சகோதரர்களுக்கு ஒரு யோசனை. ஆறடிக்கு நாலடி மூலையொன்றைத் திரையால் மறைத்து, ஒரு கதிரை, ஒரு விசிறி, பம்பஸ் மாற்ற ஒரு மேசை, மூடியுள்ள குப்பைவாளி, கைகழுவத் தண்ணீர் வையுங்கள். பாலூட்ட இடமில்லாமல் வெயிலில் வானுக்குள் இருக்கும் தாய்க்கு அது பேருதவி. நமது பெண்களுக்கும் அந்த வசதி வேண்டும். மாங்குளத்தில் திரும்பி முல்லைத்தீவு போக இன்னும் ஏறத்தாழ 50 கிலோமீற்றர் இருக்கிறது. அந்த மூலை இருப்பதற்காகவே நிறுத்தும் வானில் பத்துப் பேர் சாப்பிட இறங்குவார்கள்.

தங்குமிடம் வைத்திருப்பவர்கள் மின்வெட்டையும் நினைவில் வைக்க வேண்டும். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் இருக்கவில்லை. முழு வீட்டுக்கும் ஜெனரேற்றர் போட முடியாவிட்டாலும், குழந்தை தூங்கும் அறையில் ஒரு விசிறி நிற்காமல் சுற்றுவதற்கு ஒரு பற்றரி போதும். அதை முன்கூட்டியே சொன்னால் அறை தானாக நிரம்பும்.

இலாபத்தை விடப் பெரியது

முள்ளியவளை, நீராவிப்பிட்டி, தண்ணீரூற்று மக்கள் 1990 ஒக்டோபரில் வெறுங்கையோடு வெளியேற்றப்பட்டுப் புத்தளத்தில் அகதிகளாக வாழ்ந்து, யுத்தம் முடிந்த பின் திரும்பியவர்கள். அவர்களில் கடை திறந்தவர்களுக்கு வாடிக்கையாளர்களில் பெரும்பாலோர் தமிழ் மக்கள். 2019 ஏப்ரலுக்குப் பின் நாட்டின் பல பாகங்களில் முஸ்லிம் கடைகளைத் தவிர்க்கும்படி பிரசாரம் நடந்ததையும் நாம் பார்த்தோம். அந்தக் காயங்களுக்கு மேடைப் பேச்சு மருந்தாகவில்லை. ஒரு தாய் தன் குழந்தையின் வாய்க்குள் போகும் பொருளை நமது கடையில் நம்பி வாங்குவதை விடப் பெரிய நல்லுறவு எது?

அடுத்த ஜூலைக்கு முன்னர் நமது வர்த்தகர்கள் செய்யவேண்டியது சில. இறாக்கைகளை மாற்றுங்கள். நிறை மட்டையை எழுதுங்கள். இரண்டு தொட்டில் வாங்குங்கள். பையன்களுக்கு ஐந்து விடயங்களையும் சொல்லிக்கொடுங்கள். சூட்டில் கெட்டதை, நட்டமென்றாலும், இறாக்கையிலிருந்து எடுத்து எறியுங்கள். அந்த நட்டம் இவ்வுலகிலும் மறுமையிலும் வீண்போகாது, இன்ஷா அல்லாஹ்.