பிறப்பு ஜாதகம் (மேற்கத்திய சோதிடம்)

மேற்கத்திய சோதிடத்தில் பிறப்பு ஜாதகம் என்பது, ஒருவர் பிறந்த நேரத்தில் பிறந்த ஊரிலிருந்து பார்க்கும்போது கோள்கள் நின்ற நிலையைக் காட்டும் வட்ட வரைபடம் ஆகும். இதனைக் கணிக்கப் பிறந்த நாள், நேரம், ஊர் ஆகிய மூன்றும் தேவை.

வட்டம், தலா 30 பாகை கொண்ட 12 ராசிகளாகப் பிரிக்கப்படுகிறது. அப்போது கிழக்கு அடிவானில் உதிக்கும் புள்ளி லக்கினம் எனப்படும். அது சராசரியாக 2 மணி நேரத்துக்கு ஒருமுறை ராசி மாறுவதால் பிறந்த நேரம் முக்கியமாகிறது. லக்கினத்தைக் கொண்டு 12 வீடுகள் வகுக்கப்படுகின்றன. கோள் ஆற்றலையும், ராசி அது வெளிப்படும் விதத்தையும், வீடு அது செயல்படும் வாழ்க்கைத் துறையையும் குறிப்பதாகச் சோதிடர்கள் கொள்வர்.

தமிழ் வழக்கில் ஒருவரின் ராசி என்பது சந்திரன் நின்ற ராசி. மேற்கில் சூரியன் நின்ற ராசி. மேலும், மேற்கத்திய சாயன முறையில் மேஷம் மார்ச் மாதச் சம இரவு நாளில் தொடங்குகிறது. விண்மீன்களை அடிப்படையாகக் கொண்ட இந்திய நிராயன முறை இதிலிருந்து ஏறக்குறைய 24 பாகை வேறுபடுகிறது. எனவே ஏப்ரல் 5 அன்று பிறந்தவருக்குச் சூரியன் மேற்கத்திய ஜாதகத்தில் மேஷத்திலும், தமிழ்ப் பஞ்சாங்கப்படி மீனத்திலும் இருக்கும்.

1985 இல் நேச்சர் இதழில் வெளியான ஷான் கார்ல்சனின் ஆய்வில், சோதிடர்களால் ஜாதகங்களை உரியவர்களின் ஆளுமைக் குறிப்புகளோடு தற்செயலை விஞ்சிப் பொருத்த இயலவில்லை.