சத்து மாத்திரையும் சரியான அளவும்

உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பதைத் தூத்துக்குடிப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தமிழ்நாட்டு உப்பில் பெரும்பங்கு நம் உப்பளங்களில் விளைவதுதான். உணவுக்கான உப்பில் அயோடின் என்னும் தாதுச்சத்தைக் கலக்கிறார்கள். எவ்வளவு தெரியுமா? வீட்டிற்கு வரும்போது பத்து லட்சம் பங்கு உப்பில் குறைந்தது 15 பங்கு இருக்கவேண்டும். அதாவது 10 கிராம் உப்பில் 150 மைக்ரோகிராம். ஒருவருக்கு ஒரு நாளைக்குக் கழுத்துக்கழலை வராமல் காக்க இது போதும். (ஒரு நாளைக்கு 10 கிராம் உப்பே அதிகம் என்று மருத்துவர்கள் கடிந்துகொள்வது வேறு கதை.) இதைப் போலப் பல மடங்கு அயோடின் நாள்தோறும் உள்ளே போனால், காக்க வந்ததே தைராய்டு சுரப்பியைக் கெடுத்துவிடும்.

வைட்டமின்களும் அப்படியே. பி, சி ஆகியவை நீரில் கரைபவை. மிஞ்சியது பெரும்பாலும் சிறுநீரோடு போய்விடும். ஏ, டி, ஈ, கே நான்கும் கொழுப்பில் கரைந்து உடலிலேயே தங்குபவை. வைட்டமின் ஏ ஈரலில் சேர்ந்துகொண்டே போகும். 1597-இல் வடதுருவக் கடலில் சிக்கிய டச்சு மாலுமிகள் பனிக்கரடியின் ஈரலைச் சமைத்து உண்டார்கள். எல்லோரும் நோயில் விழுந்தார்கள். மூவருக்குத் தலை முதல் கால் வரை தோல் உரிந்தது. அந்த ஈரலில் இருந்தது கண்ணுக்கு நல்லதென்று நாம் போற்றும் அதே வைட்டமின் ஏ. மீனெண்ணெய் மாத்திரையை மிட்டாய்போல் மெல்லும் தங்கைமார் வீட்டில் இருந்தால் கவனியுங்கள்.

ஆனால் மாணவியராகிய நாம் முக்கியமாக அறியவேண்டியது இரும்புச்சத்தைப் பற்றி. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 15 முதல் 19 வயதுள்ள பெண்களில் நூற்றுக்கு 59 பேருக்கு இரத்தசோகை. அதனால்தான் அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளில் வாரம் ஒரு நீலநிற மாத்திரை தருகிறார்கள். வாரம் ஒன்றுதான்.

2023 மார்ச் மாதம் உதகமண்டலத்தில் ஒரு பள்ளியில், யார் அதிகம் விழுங்குவது என்று பிள்ளைகள் சிலர் பந்தயம் கட்டி இந்த மாத்திரைகளை உண்டார்கள். எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்திக்கு ஈரல் செயலிழந்தது. மேல்சிகிச்சைக்காகச் சென்னைக்குக் கொண்டுசெல்லும் வழியிலேயே இறந்துபோனாள். சர்க்கரைப் பூச்சுள்ள மாத்திரை, விளையாட்டாய்த்தான் தொடங்கினார்கள்.

இரும்பு ஏன் இப்படிச் செய்கிறது? மிஞ்சிய இரும்பை வெளியேற்ற உடலுக்குத் தனி வழி கிடையாது. வழக்கமான அளவில் குடல் தனக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்ளும். ஒரேயடியாகக் கொட்டினால் அந்தக் காவல் உடைந்துபோகும். குடலின் உட்சுவர் புண்ணாகி, இரும்பு இரத்தத்தில் பாய்ந்து ஈரலைத் தாக்கும். முதலில் வயிற்றுவலி, வாந்தி, பேதி. பிறகு சில மணி நேரம் எல்லாம் தணிந்து, பிள்ளை நலமாகிவிட்டாள் என்றே தோன்றும். கொடுமையான ஏமாற்று இதுதான். அடுத்த நாளில்தான் ஈரல் கெடத் தொடங்கும்.

இதைப் படித்துவிட்டு வாராந்தர மாத்திரைக்குப் பயப்பட வேண்டாம். உணவுக்குப் பின் ஒன்று விழுங்கினால் மலம் கறுத்துப் போகலாம், அவ்வளவே. உடனே தேநீர், காப்பி குடிக்காதீர்கள், சத்து சேராது. ஆனால் ஒரு தோழியோ வீட்டில் தம்பி தங்கையோ பல மாத்திரைகளை விழுங்கிவிட்டதாகத் தெரிந்தால், திட்டு விழுமென்று மறைக்காமல் அப்போதே பெரியவர்களிடம் சொல்லுங்கள். வாந்தி நின்றுவிட்டதே என்று காத்திருக்கக்கூடாது. இரும்பைப் பிணைத்து வெளியேற்றும் ஊசிமருந்து உண்டு. நேரத்தோடு போனால் பயன் தரும். மீதி மாத்திரை அட்டையையும் கையோடு கொண்டுபோங்கள். எத்தனை உள்ளே போயிற்று என்று மருத்துவர் கணக்கிட அது உதவும்.