உங்கள் மானிட்டர் காட்டுவது உண்மையான நிறமா?

ஒரே புகைப்படத்தை இரண்டு மானிட்டர்களில் திறந்து பாருங்கள். ஒன்றில் மாம்பழ மஞ்சளாகத் தெரியும் பட்டுச்சேலை, மற்றொன்றில் எலுமிச்சை மஞ்சளாகத் தெரியும். கோப்பு ஒன்றுதான், அதிலுள்ள எண்களும் ஒன்றுதான்.

எட்டு பிட் திரையில் ஒவ்வொரு புள்ளியிலும் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் 0 முதல் 255 வரை தலா ஓர் எண் உண்டு. இவற்றைச் சேர்த்தால் 1,67,77,216 நிறங்கள் கிடைக்கும். ஆனால் 'சிவப்பு 200' என்ற எண்ணுக்கு எவ்வளவு ஒளி வீசுவது என்பதில் திரைக்குத் திரை வேறுபாடு இருக்கிறது. கடையில் பளிச்சென்று தெரிவதற்காகப் பல மானிட்டர்கள் அதிக வெளிச்சமும் நீலச்சாயலுமாக வருகின்றன. நாளாக ஆகப் பின்னொளி மங்கி, நிறமும் மாறுகிறது.

இதற்கொரு பொது அளவுகோலாக, 1996இல் ஹெச்பியும் மைக்ரோசாஃப்டும் 'எஸ்ஆர்ஜிபி'யை முன்வைத்தன. அதன்படி வெள்ளை என்பது பகல் வெளிச்சத்தை ஒட்டிய சுமார் 6500 கெல்வின். காமா ஏறக்குறைய 2.2. காமா என்பது எண் உயர உயர ஒளி எந்த வளைவில் உயர வேண்டும் என்ற கணக்கு. 128 என்பது 255இல் பாதி. ஆனால் அதற்குரிய ஒளி முழு வெளிச்சத்தில் சுமார் 22 சதவீதம் மட்டுமே. இருட்டான பகுதிகளின் சிறு வேறுபாடுகளைக் கண் நுட்பமாகப் பிரித்தறிவதால் இந்த வளைவு நமக்கு ஒத்துப்போகிறது. இந்த அளவுகோலுக்குத் திரையைக் கொண்டுவருவதுதான் காலிபரேஷன்.

கண்ணை மட்டும் நம்பி இதைச் செய்ய முடியாது. எந்த வெள்ளையைச் சிறிது நேரம் பார்த்தாலும் கண் அதற்குப் பழகி, அதையே சரியான வெள்ளையாக எடுத்துக்கொள்ளும். அதனால்தான் கலரிமீட்டர் என்ற சிறு கருவி தேவைப்படுகிறது. அதைத் திரைமீது தொங்கவிட்டால், மென்பொருள் வரிசையாக நிறக்கட்டங்களைக் காட்டும். கருவி ஒவ்வொன்றையும் அளந்து சொல்லும்.

அதற்குமுன் மானிட்டர் அரைமணி நேரம் ஓடியிருக்க வேண்டும். 'நைட் லைட்', தானியங்கி பிரைட்னஸ் இரண்டையும் அணைத்துவிடுங்கள். திரையில் ஜன்னல் வெயில் விழக்கூடாது. பிரைட்னஸைச் சதுர மீட்டருக்கு 80 முதல் 120 கேண்டெலாவுக்குள் வையுங்கள். எல்சிடி திரையில் இது பின்னொளியைக் கூட்டும், குறைக்கும். கான்ட்ராஸ்ட்டை அளவுக்கு மீறி ஏற்றினால் வெள்ளை வேட்டியின் மடிப்புகள் மறைந்துபோகும்.

மானிட்டரின் பொத்தான்களால் தீராத பிழையை கிராஃபிக்ஸ் கார்டில் ஏற்றப்படும் திருத்த அட்டவணை சரிசெய்கிறது. கடைசியாக 'ஐசிசி புரொஃபைல்' என்ற கோப்பு உருவாகும். இந்தத் திரை எந்த நிறத்தை எப்படிக் காட்டுகிறது என்ற விவரம் அதில் இருக்கும்; ஃபோட்டோஷாப் போன்ற மென்பொருள்கள் அதைப் படித்து நிறத்தைத் திருத்திக் காட்டும். ஆனால் திரையின் பேனலால் உருவாக்கவே முடியாத நிறத்தை எந்தக் காலிபரேஷனும் வரவழைக்காது.

கருவி இல்லாதவர்கள் மானிட்டர் மெனுவில் எஸ்ஆர்ஜிபி முறை இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். பிறகு விண்டோஸிலேயே உள்ள காலிபரேஷன் வசதி காட்டும் படத்தில், கோட்டும் சட்டையும் பிரிந்து தெரிகின்றனவா என்று சரிபாருங்கள். ஆல்பம், அச்சு, துணி வியாபாரம் என்று நிறத்தை நம்பித் தொழில் செய்பவர்கள் கலரிமீட்டர் ஒன்றை வாங்கி, மாதம் ஒருமுறை அளந்துவிடுவது நல்லது.