உங்களுக்குத் தெரியுமா? வெனிஸ் வெறிச்சோடும் வாரங்கள்

கூட்டத்துக்குப் பெயர்போன இத்தாலியின் வெனிஸ், ஜனவரி 6-க்குப் பிறகு சட்டென்று அடங்கிவிடும். அன்று மூன்று ராஜாக்கள் திருநாள். அதோடு கிறிஸ்துமஸ் விடுமுறை தீர்ந்து, வந்தவர்கள் ஊர் திரும்பிவிடுவார்கள். அதிகாலையில் ரியால்டோ பாலத்தின் மீது நின்றால் கால்வாயைப் பனிமூட்டம் மூடியிருக்கும். படகு வரும் சத்தம்தான் முதலில் கேட்கும். படகு பிறகுதான் கண்ணில் படும். வெனிஸைப் பார்க்க இதைவிட நல்ல நேரம் கிடையாது.

இந்த அமைதி கார்னிவல் என்னும் முகமூடித் திருவிழா தொடங்கும்வரைதான். அது எப்போது என்பது ஈஸ்டரைப் பொறுத்தது: திருநீற்றுப் புதனுக்கு முந்தைய செவ்வாயன்று திருவிழா நிறைவடையும். 2024-இல் அந்தச் செவ்வாய் பிப்ரவரி 13. 2025-இல் மார்ச் 4. ஈஸ்டர் தள்ளிப்போகும் ஆண்டில் அமைதியான நாட்களும் கூடுதல். பயணச்சீட்டு எடுக்கும் முன் நாட்காட்டியைப் பாருங்கள்.

நவம்பரிலும் கூட்டம் குறைவுதான். ஆனால் அது கடல்நீர் ஏறி வரும் காலம். 2019 நவம்பர் 12 இரவு 187 செ.மீ. வரை ஏறி, புனித மாற்கு பேராலயத்துக்குள்ளும் புகுந்தது. 2020 அக்டோபர் முதல், பெரிய ஓதம் வரும்போது கடல்வாயில்களில் 78 இரும்புத் தடுப்புகளை எழுப்பி நகரைக் காக்கிறார்கள். அப்படியும் மழைக்காலணி ஒரு ஜோடி கையில் இருக்கட்டும்.

இன்னொன்று: 2024-இல் தொடங்கிய பகல்நேரப் பயணிகளுக்கான நுழைவுக் கட்டணம், அந்த ஆண்டிலும் அடுத்த ஆண்டிலும் ஏப்ரல் முதல் ஜூலை வரையிலான குறிப்பிட்ட நாட்களில் மட்டுமே வசூலிக்கப்பட்டது.