கல்திட்டை பக்கத்துல இருந்தா ஹிஸ்டரி கிளாஸ் மாறுமா?

இந்த எபிசோட்ல ஒரு கேள்வி. ஹிஸ்டரி டீச்சருக்கு ஸ்ட்ராட்டஜி எதுக்கு? பாடம் புத்தகத்துல இருக்கு, பரீட்சை அரசு வைக்குது. நடுவுல அவர் யோசிக்க என்ன இருக்கு?

நிறைய இருக்கு. ஒட்டன்சத்திரத்திலிருந்து வடகாடு வழியா மலையேறினா பாச்சலூர். காபி, மிளகு, மலைவாழை. அங்கிருந்து தாண்டிக்குடி பக்கம் போனா கல்திட்டைகள் இருக்கு: பலகைக் கற்களைச் சுவர் மாதிரி நிறுத்தி, மேலே ஒரு பெரிய மூடுகல். அங்லேடு, நியூட்டன் என்ற இரண்டு பாதிரியார்கள் பழனிமலைக் கல்திட்டைகளைப் பற்றி எழுதியதை இந்தியத் தொல்லியல் துறை 1928-லேயே வெளியிட்டிருக்கு.

சென்னையில இருக்கிற டீச்சர் இதை போட்டோவுலதான் காட்டணும். பாச்சலூர் டீச்சருக்கு நிஜமான கல்லே கிட்ட இருக்கு. ஆனா பசங்களை வேன்ல கூட்டிட்டுப் போய்க் காட்டினா மட்டும் பாடம் ஆகிடாது, அது பிக்னிக்.

லீ ஷுல்மன் என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1986-ல் எழுதிய ஒரு விஷயம் இங்க உதவும். கல்திட்டை எந்தக் காலம்னு தெரிஞ்சிருக்கிறது ஒரு அறிவு. நாற்பது பேரை அமைதியா உட்கார வைக்கிறது இன்னொரு அறிவு. 'சார், அது பாண்டவர் வீடு'ன்னு ஒரு பையன் சொல்லுவான்னு முன்னாடியே ஊகிச்சு, அதுக்கு அடுத்த கேள்வியைக் கையில வச்சிருக்கிறது மூணாவது. டீச்சரோட தொழில் இந்த மூணாவதுதான். அந்தப் பையனைப் பார்த்துச் சிரிச்சா கிளாஸ் முடிஞ்சது. 'யார் சொன்னாங்க? அவங்களுக்கு எப்படித் தெரியும்? வேற என்ன ஆதாரம் இருக்கு?' அப்படின்னு கேட்டா கிளாஸ் ஆரம்பிச்சது.

சாம் வைன்பர்க் 1991-ல் வெளியிட்ட ஆய்வுல, 1775 லெக்சிங்டன் சண்டை பற்றிய அதே ஆவணங்களை வரலாற்றாசிரியர்களுக்கும் நல்லா படிக்கிற பள்ளி மாணவர்களுக்கும் கொடுத்தார். வரலாற்றாசிரியர்கள் எழுதினது யாருன்னு முதல்ல பார்த்தாங்க. மாணவர்கள் பாடப்புத்தகத்தைத்தான் அதிகம் நம்பினாங்க!

நம்ம பாஷையில சொன்னா, முதல்ல டெஸ்ட் எழுதணும், அப்புறம்தான் கோட். பீரியட் முடிவுல பசங்க பதில் சொல்ல வேண்டிய கேள்வியை முதல்ல முடிவு பண்ணணும். 'இதைக் கட்டினவங்க எதையும் எழுதி வைக்கலை. அப்போ இது எதுக்குன்னு நாம எப்படிச் சொல்றது?' இந்தக் கேள்விக்கு உதவாததை எல்லாம் அன்னைக்கு விட்டுடணும். விடுறதுதான் வலிக்கும், ஏன்னா பத்தாம் வகுப்பு மார்க் பசங்களோட வாழ்க்கை. அதனால எல்லாப் பாடத்துக்கும் இப்படி முடியாது. எந்தப் பாடத்துக்கு இந்த நேரத்தைச் செலவழிக்கலாம்னு தேர்ந்தெடுக்கிறதுக்குப் பேர்தான் ஸ்ட்ராட்டஜி.

சரி, இந்தத் திறமை எப்படி வளரும்? ஜப்பான்ல ஆசிரியர்கள் சேர்ந்து பாடத்தைத் திட்டமிட்டு, ஒருத்தர் நடத்த, மற்றவங்க மாணவர்களைக் கவனிப்பாங்க. கோட் ரிவ்யூ மாதிரி. சின்ன மலைப் பள்ளியில ஹிஸ்டரிக்கு ஒரே ஆள் இருந்தா ரிவ்யூ பண்ண யாரு?

போன் இருக்கே. ஒரு கிளாஸை ஆடியோ பதிவு பண்ணி, கேள்வி கேட்டுட்டு எத்தனை நொடி காத்திருக்கீங்கன்னு எண்ணுங்க. மேரி பட் ரோவ் 1970-களில் அறிவியல் வகுப்புகளில் அளந்தப்போ சராசரியா ஒரு நொடிதான் வந்தது. அதை மூணு நொடி ஆக்கினதும் பதில்கள் நீளமாச்சு, வழக்கமா பேசாத பசங்களும் பேசினாங்க.

மூணு நொடி அமைதி கிளாஸ்ல ரொம்ப நீளமாத் தெரியும். பொறுத்துட்டா, கடைசி பெஞ்சிலிருந்து 'அந்த மூடுகல்லை எப்படி சார் மேலே ஏத்தினாங்க?'ன்னு ஒரு குரல் வரலாம்.