தொண்டை வலியும் இதய வால்வும்

ஒரு தாய் தன் மகளை அரசு ஆஸ்பத்திரிக்கு அழைத்து வந்தார். சிறுமிக்கு 12 வயது. சிறிது தூரம் நடந்தாலே அவளுக்கு மூச்சு வாங்கியது. டாக்டர் சோதித்துப் பார்த்தார்.

“வால்வு சுருங்கியிருக்கும் போலத் தெரிகிறது. எக்கோ எடுத்து வாங்கம்மா” என்றார்.

தாய்க்கு ஒன்றும் புரியவில்லை. கேட்கவும் தயக்கம். இப்படித் தயங்குபவர்கள் பலர். இந்தச் சொற்களின் பொருளை அறிந்து கொள்வோம்.

வால்வு

இதயம் கைமுட்டி அளவே இருக்கும். நாள் ஒன்றுக்குச் சுமார் 1 லட்சம் முறை துடிக்கும். உடம்பு முழுவதும் ரத்தத்தை அனுப்பும். இதயத்தில் 4 வால்வுகள் உள்ளன. வால்வு என்பது ஒருவழிக் கதவு. சைக்கிள் டியூபிலும் வால்வு உண்டு. காற்று உள்ளே போகும். வெளியே வராது. இதயத்திலும் அப்படித்தான். ரத்தம் முன்னே போகும். பின்னே திரும்பாது.

கதவு சரியாகத் திறக்காவிட்டால் அது வால்வு சுருக்கம். சரியாக மூடாவிட்டால் அது வால்வு கசிவு.

ருமாட்டிக் காய்ச்சல்

வால்வு ஏன் கெடுகிறது? பல நேரங்களில் தொடக்கம் தொண்டையில்தான். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்று ஒரு கிருமி. இருமும்போதும் தும்மும்போதும் இது பரவும். தொண்டை வலியும் காய்ச்சலும் வரும். எல்லாத் தொண்டை வலிக்கும் இந்தக் கிருமி காரணம் அல்ல. டாக்டர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

கவனிக்காமல் விட்டால், 2 அல்லது 3 வாரம் கழித்துச் சிலருக்கு மீண்டும் காய்ச்சல் வரும். மூட்டுகள் வீங்கும். இன்று முழங்கால் வலிக்கும். நாளை முழங்கை வலிக்கும். இதுவே ருமாட்டிக் காய்ச்சல். 5 முதல் 15 வயதுப் பிள்ளைகளுக்கே இது அதிகம் வருகிறது. கிருமியை எதிர்க்கும் உடம்பின் சக்தி, தவறுதலாக வால்வையும் தாக்கிவிடுகிறது. மூட்டு வலி போய்விடும். வால்வில் விழுந்த தழும்பு நின்றுவிடலாம்.

எக்கோ

ஒலி அலைகளைக் கொண்டு இதயத்தைத் திரையில் காட்டும் சோதனை இது. வலிக்காது. கத்தியும் இல்லை. வால்வு திறந்து மூடுவதை டாக்டர் நேரில் பார்க்கலாம்.

பலூன் சிகிச்சை

தொடையில் உள்ள ரத்தக் குழாய் வழியாக மெல்லிய குழாயைச் செலுத்துவார்கள். அதன் முனையில் சிறு பலூன் இருக்கும். சுருங்கிய வால்வில் அதை ஊதி விரிப்பார்கள். மார்பைத் திறக்க வேண்டியதில்லை.

வால்வு மாற்றுதல்

வால்வு மிகவும் கெட்டுவிட்டால் செயற்கை வால்வு பொருத்துவார்கள். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம் நம் நாட்டிலேயே ஒரு வால்வை உருவாக்கியது. 1990 டிசம்பரில் அது முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது.

பென்சிலின் ஊசி

ருமாட்டிக் காய்ச்சல் ஒருமுறை வந்தால் மறுபடியும் வரலாம். வரும் ஒவ்வொரு முறையும் வால்வு மேலும் கெடும். இதைத் தடுப்பது பென்சிலின் ஊசி. பொதுவாக 3 வாரத்துக்கு ஒருமுறை போடுவார்கள். பல ஆண்டுகள் போட வேண்டும். உடம்பு நன்றாக இருக்கிறதே என்று நிறுத்தக் கூடாது. எப்போது நிறுத்தலாம் என்பதை டாக்டர் சொல்வார்.

கிருமித் தடுப்பு

இருமும்போது வாயை மூட வேண்டும். சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். ஒருவருக்குப் போட்ட ஊசியை மற்றவருக்குப் போடக் கூடாது. பல் பிடுங்கும் முன் வால்வு நோயைப் பல் டாக்டரிடம் சொல்ல வேண்டும். வாயில் உள்ள கிருமி ரத்தத்தில் கலந்து வால்வைத் தாக்கலாம்.

அந்தச் சிறுமிக்குப் பலூன் சிகிச்சை நடந்தது. இப்போது அவள் நடந்தே பள்ளிக்குப் போகிறாள். ஊசி அட்டை தாயிடம் இருக்கிறது. அடுத்த தேதியை அவர் எழுத்துக் கூட்டிப் படிக்கிறார். காலண்டரில் அந்த நாளைச் சுற்றி வட்டம் போடுகிறார். இதுவரை ஒரு ஊசிகூடத் தவறவில்லை.